வருமான வரிக் கணக்குத் தாக்கல்: முதலில் பொருத்துங்கள், பிறகு நிரப்புங்கள்

கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பழைய முறையா, புதிய முறையா, எது லாபம்?" கழிவுகள் பல உள்ள பழைய வரிமுறை, விகிதம் குறைந்த புதிய வரிமுறை இரண்டில் ஒன்றைத் தேர்வதைப் பற்றிய கேள்வி அது. உண்மையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. உங்கள் சம்பளம், எஃப்டி வட்டி, விற்ற பங்கு, வாங்கிய மனை எல்லாம் பான் எண்ணின் கீழ் வருமான வரித் துறையிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் கணக்கு அதோடு ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில், ஏன் ஒட்டவில்லை என்று காட்டக் கையில் தாள் வேண்டும். அதனால் வரிசை இப்படி: முதலில் தகவல், பிறகு படிவம், அதன் பிறகே முறை.

இங்கே சொல்லும் விகிதங்களும் வரம்புகளும் படிவ எண்களும் 2025-26 நிதியாண்டில், அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு உரியவை. இதன் மதிப்பீட்டு ஆண்டு 2026-27. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், அதற்கு முன் ஈட்டிய வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பிரிவு எண்களும்தான். புதிய சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்ற பேச்சே கிடையாது. "வரி ஆண்டு" மட்டும். இதில் வழுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. "மதிப்பீட்டு ஆண்டு 2026-27" என்றால் போன வருடத்து வருமானம். "வரி ஆண்டு 2026-27" என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வருடத்து வருமானம். எண் ஒன்றுதான், வருடம் வேறு. பாக்கி வரி கட்டும்போது மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால் பணம் போய்விடும், கணக்கிலோ பாக்கி அப்படியே நிற்கும்.

யார் தாக்கல் செய்தாக வேண்டும்?

"12 லட்சம் வரை வரி இல்லையே, எனக்கு எதற்குத் தாக்கல்?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். வரி இல்லாதது வேறு, தாக்கல் வேண்டாதது வேறு. புதிய முறையில் அடிப்படை வரம்பு 4 லட்சம். வருமானம் அதைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி பூஜ்யமாகவே இருந்தாலும் தாக்கல் கட்டாயம். பழைய முறையில் இந்த வரம்பு 2.5 லட்சம், 60 வயதானவர்களுக்கு 3 லட்சம், 80 வயதானவர்களுக்கு 5 லட்சம்.

வரம்புக்குக் கீழே இருந்தாலும் சில சூழல்களில் தப்ப முடியாது: வருடத்தில் 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்பே பிடித்துக் கட்டும் வரி, பிடித்திருந்தால் (60 வயதானவர்களுக்கு 50,000), தொழில் விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினால், தொழில்முறைக் கட்டண வரவு 10 லட்சத்தைத் தாண்டினால், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தால், மின் கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியிருந்தால், சேமிப்புக் கணக்கில் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால். இந்தியாவில் குடியிருப்பவராக இருந்து வெளிநாட்டுச் சொத்தோ பங்கோ வைத்திருப்பவர்களும் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

முதல் படி: மூன்று தாள்களை எடுத்து வைத்தல்

ஏப்ரல் மாதமே தாக்கல் செய்து முடித்துவிடத் துடிப்பவர்கள் சற்றுப் பொறுக்கலாம். கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் விவரங்களையும் வங்கிகளின் ஆண்டுத் தகவலையும் மே 31க்குள்தான் தருகிறார்கள். சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16ஐ நிறுவனம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் இருக்கிறது. ஆக, ஜூன் நடுவில் தொடங்குவதே சரி.

வருமான வரித் துறையின் போர்ட்டலில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து இரண்டு ஆவணங்களை இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்று படிவம் 26ஏஎஸ். உங்கள் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்பது அதில் இருக்கும். இன்னொன்று ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கை. வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை, சொத்துப் பதிவு, பெரிய ரொக்க வைப்பு எல்லாம் அதில் வரும். ஏஐஎஸ் கோப்புக்குக் கடவுச்சொல், பான் எண் சிறிய எழுத்தில், அதைத் தொட்டடுத்து பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். மூன்றாவது, நிறுவனம் தந்த படிவம் 16.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வங்கி ஸ்டேட்மென்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். இந்த ஒரு மணி நேர வேலையைத் தவிர்ப்பதால்தான் பின்னால் ஆறு மாதம் அலைய நேர்கிறது. வழக்கமாகத் தப்பிப்போகிறவை இவை:

சேமிப்புக் கணக்கு வட்டி. இதற்கு டிடிஎஸ் கிடையாது. அதனால் வரியும் கிடையாது என்று நினைத்துவிடுகிறார்கள். முழுத்தொகையும் வருமானத்தில் சேர வேண்டும்.

எஃப்டி வட்டி. முதிர்ந்து கைக்கு வந்தால்தான் வருமானம் என்றிருப்பது இன்னொரு தவறு. ஐந்து வருட வைப்பாக இருந்தாலும் வங்கி வருடாவருடம் வட்டியைக் கணக்கிட்டு ஏஐஎஸ்ஸில் ஏற்றிவிடுகிறது. பிடித்தம் செய்யப்பட்ட வங்கி வட்டியில் கையில் வந்த 90 சதவீதத்தை எழுதக் கூடாது, பிடிப்பதற்கு முந்தைய முழு வட்டியை எழுத வேண்டும்.

கூட்டுக் கணக்கு. தந்தையின் பணமாக இருந்தாலும் முதல் பெயர் உங்களுடையது என்றால் வட்டி உங்கள் ஏஐஎஸ்ஸில் வரும். தகவல் தவறாக இருந்தாலும், இன்னொருவருக்கு உரியதாக இருந்தாலும், அந்தத் தகவலுக்கு எதிரிலேயே மறுப்புப் பதிவு செய்ய வசதி இருக்கிறது. பதிவு செய்துவிட்டு, அதற்கான ஆதாரத்தையும் எடுத்து வையுங்கள்.

வேலை மாறிய வருடம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செப்டம்பர் வரை ஒரு நிறுவனத்தில் 7 லட்சம், அக்டோபரிலிருந்து இன்னொன்றில் 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய சம்பளத்தைப் புதிய நிறுவனத்திடம் படிவம் 12பி மூலம் சொல்லவில்லை. பழைய நிறுவனம் மாதச் சம்பளத்தைப் பெருக்கிப் பிடித்த வரி கொஞ்சம் இருக்கலாம். புதிய நிறுவனமோ தன் 7 லட்சத்தை மட்டும் பார்த்து, சம்பளக்காரர் எல்லோருக்கும் தானாகக் கழியும் 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் மறுபடி கொடுத்து, ஒரு ரூபாயும் பிடிக்காது. தாக்கலின்போது இரண்டும் சேர்ந்து 14 லட்சம். நிலைக்கழிவு ஒரே முறைதான், ஆக 13.25 லட்சம். வரி 78,750, அதன்மேல் 4 சதவீத செஸ் 3,150, மொத்தம் 81,900. பிடித்திருப்பது போக மீதியை வட்டியோடு கையிலிருந்து கட்ட வேண்டியதுதான். வேலை மாறிய முதல் மாதமே 12பி கொடுத்துவிட்டால் இந்தச் சுமை மாதங்களில் பரவிப்போகும்.

இரண்டாம் படி: எந்தப் படிவம்?

சம்பளம் அல்லது ஓய்வூதியம், வீடு, வட்டி, மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் ஐடிஆர்-1. பட்டியலில் உள்ள பங்கு, ஈக்விட்டி ஃபண்டு விற்ற நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தால் அதையும் இதிலேயே காட்டலாம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினாலோ, குறுகியகாலப் பங்கு லாபமோ மனை விற்ற லாபமோ இருந்தாலோ ஐடிஆர்-2. கடை, தொழில், ஃப்ரீலான்ஸ் வருமானத்தை அனுமான முறையில் (வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் கொள்வது) காட்டுபவர்களுக்கு ஐடிஆர்-4. முழுக் கணக்கு எழுதுபவர்களுக்கும், பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ (எதிர்கால ஒப்பந்த வணிகம்), இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்பவர்களுக்கும் ஐடிஆர்-3.

ஐடி நிறுவன ஊழியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தாய் நிறுவனத்தின் அமெரிக்கப் பங்குகள் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தால், ஒன்றைக்கூட விற்காமல் இருந்தாலும் ஐடிஆர்-1 கூடாது. ஐடிஆர்-2இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும்; அந்த அட்டவணை நிதியாண்டை அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைப் பின்பற்றுகிறது. காட்டாமல் விட்டால் கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விழலாம்.

மூன்றாம் படி: பழையதா, புதியதா?

புதிய முறையின் படிநிலைகள்: 4 லட்சம் வரை இல்லை, 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30 சதவீதம். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின் கீழ் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி, வரி பூஜ்யம். சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவும் சேர்வதால் 12.75 லட்சம் சம்பளம் வரை பூஜ்யம்.

பழைய முறையில் 2.5 முதல் 5 லட்சம் வரை 5 சதவீதம், 5 முதல் 10 வரை 20, அதற்கு மேல் 30. நிலைக்கழிவு 50,000. தள்ளுபடி 5 லட்சம் வருமானம் வரைதான். ஆனால் 80சி பிரிவில் வரும் பிஎஃப், ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புகள், மருத்துவக் காப்பீடு, வீட்டு வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி எல்லாம் இங்கே கழியும்.

12 லட்சத்தைச் சற்றே தாண்டுபவர்கள் பதற வேண்டாம். வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் படிநிலைப்படி வரி 61,500 வரும். ஆனால் தாண்டியது 10,000 மட்டுமே என்பதால் வரியும் 10,000தான். செஸ் சேர்த்து 10,400. இந்த விளிம்பு நிவாரணம் கிட்டத்தட்ட 12,70,000 ரூபாய் வரை வேலை செய்யும்.

தள்ளுபடிக்குள் வராத வருமானமும் உண்டு. நிலைக்கழிவு போக 8 லட்சம் சம்பளம், பங்கு விற்ற குறுகியகால லாபம் 50,000. மொத்தம் 8.5 லட்சம்தானே என்று நினைக்கத் தோன்றும். சம்பளத்துக்கு வரி இல்லை, ஆனால் அந்த 50,000க்கு 20 சதவீதம், செஸ்ஸோடு 10,400 ரூபாய் கட்டியாக வேண்டும். நீண்டகால லாபத்திலும் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதம் தனியாக வரும்.

இப்போது ஒப்பீட்டுக்கு ஒரு கணக்கு. சென்னையில் 15 லட்சம் சம்பளம். அதில் அடிப்படைச் சம்பளம் 7,20,000, வாடகைப் படி 2,88,000. மாத வாடகை 20,000. வாடகைப் படி விலக்கு மூன்றில் குறைந்தது: கிடைத்த படி 2,88,000, அடிப்படையில் 50 சதவீதம் 3,60,000, கொடுத்த வாடகை 2,40,000இல் அடிப்படையின் 10 சதவீதமான 72,000 போக 1,68,000. ஆக விலக்கு 1,68,000. (அந்த 50 சதவீதம் சென்னைக்கு உரியது. கோவை, மதுரைக்காரர்களுக்கு 2025-26இல் 40 சதவீதம்தான்.) இதோடு 80சியில் 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, நிலைக்கழிவு 50,000. பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 11,07,000; வரி செஸ்ஸோடு 1,50,384. புதிய முறையில் 75,000 மட்டும் கழித்து 14,25,000, வரி 97,500. வித்தியாசம் 52,884, புதிய முறைக்கே சாதகம்.

இதே ஆளுக்குச் சொந்த ஊரில் வீட்டுக் கடன் இருந்து 2 லட்சம் வட்டியும் கழித்தால்? நிலைக்கழிவு நீங்கலாகக் கழிவுகள் 5,43,000. இரண்டு முறையும் சமமாகும் இடம் 5,43,750. இத்தனைக்குப் பிறகும் 750 ரூபாய் போதவில்லை! என்பிஎஸ் எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதலாக 50,000 போட்டால்தான் பழைய முறை பத்தாயிரம் அளவுக்கு முந்துகிறது. சம்பளம் 24.75 லட்சத்துக்குப் போனால் சமப்புள்ளி 8 லட்சம். வாடகையோ வீட்டுக் கடனோ இரண்டில் ஒன்றாவது கனமாக இல்லாதவர்கள் பழைய முறையைப் பற்றி யோசிப்பதே நேர விரயம்.

புதிய முறையிலும் தப்பிப் பிழைத்த கழிவு ஒன்று உண்டு: நிறுவனம் உங்கள் பெயரில் என்பிஎஸ்ஸில் கட்டும் தொகை, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை. மேலே சொன்னவருக்கு அது 1,00,800 ரூபாய். சம்பளக் கட்டமைப்பை மாற்றித் தர நிறுவனம் தயாராக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சம்பளக்காரர்கள் வருடாவருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம். நிறுவனத்திடம் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாக்கலில் வேறொன்றைத் தேர்வதிலும் தடையில்லை. ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதித்தால் புதிய முறைதான். தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்குப் போகப் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும். ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் நடத்தும்வரை மறுபடி பழையதற்கு வழியில்லை.

"ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கமிஷன்" என்று வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாத வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, கட்டாத காப்பீடு இவற்றைப் போட்டுப் பழைய முறையில் ரீஃபண்ட் எழுப்புவது இவர்கள் வேலை. இப்போது படிவமே காப்பீட்டு பாலிசி எண், கடன் கணக்கு எண், வாடகை விவரம் எல்லாம் கேட்கிறது. பொய் என்று தெரிந்தால் தப்பிய வரியைப் போல இரு மடங்கு அபராதம். கமிஷன் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

குடும்பத்துக்குள் பணம் நகரும்போது

மனைவி பெயரில் எஃப்டி போட்டால் வட்டிக்கு வரி இல்லை என்பது பழைய நம்பிக்கை. கணவர் கொடுத்த பணம் என்றால் அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். 18 வயது நிரம்பாத பிள்ளை பெயரில் போட்டாலும் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரிடம் சேரும். 18 நிரம்பிய பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கொடுத்தால் இந்தச் சேர்க்கை கிடையாது, வருமானம் அவர்களுடையதே. நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்புக்கு வரம்பே இல்லை, ஆனால் வங்கி வழியாக அனுப்பி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைப்பது நல்லது. உறவினர் அல்லாதவர் தருவது வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் வருமானம். கல்யாண மொய்க்கு மட்டும் விலக்கு, அதுவும் மணமக்களுக்கு வந்ததற்கு. பெற்றோர் கையில் வந்த மொய்க்கு இந்த விலக்கு பொருந்தாது. மொய் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோரின் வீட்டில் குடியிருந்து அவர்களுக்கு வாடகை கொடுத்து விலக்குக் கேட்பது சட்டப்படி செல்லும். மாதாமாதம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும், வீடு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், அவர்கள் கணக்கில் அது வருமானமாக வர வேண்டும். மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. 30 சதவீதம் தானாகக் கழிந்து தந்தையின் கணக்கில் சேர்வது 1,26,000 மட்டுமே. வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் அவசியம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு வங்கி வட்டி வருடத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினால்தான் டிடிஎஸ் (மற்றவர்களுக்கு 50,000). மொத்த வரி பூஜ்யமாக வரும் என்றால் 2025-26இல் 60 வயதானவர்கள் படிவம் 15எச், மற்றவர்கள் 15ஜி கொடுத்துப் பிடித்தத்தை நிறுத்த முடிந்தது. அந்தந்த வங்கியில், வருடத் தொடக்கத்திலேயே, வருடாவருடம் கொடுக்க வேண்டும். 15ஜிக்கு இன்னொரு நிபந்தனை: வட்டி மொத்தமே அடிப்படை வரம்பைத் தாண்டக் கூடாது.

மனை, வீடு விற்றால்

2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய மனை, வீட்டுக்கு, இந்தியாவில் குடியிருப்பவர்கள் இரண்டு வகையிலும் கணக்குப் போட்டுக் குறைந்த வரியைக் கட்டலாம். 2010-11இல் 20 லட்சத்துக்கு வாங்கிய மனையை 2025-26இல் 60 லட்சத்துக்கு விற்றதாகக் கொள்வோம். நேரடி லாபம் 40 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி 5 லட்சம். பணவீக்கக் குறியீட்டைப் பயன்படுத்தினால் (2010-11க்கு 167, 2025-26க்கு 376) வாங்கிய விலை 45,02,994 ஆகிறது, லாபம் 14,97,006, 20 சதவீதத்தில் வரி 2,99,401. இரண்டு லட்சம் மிச்சம். விலை வேகமாக ஏறிய இடமென்றால் முடிவு தலைகீழாகும், ஆகவே இரண்டையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பத்திரத்தில் எழுதிய விலையைவிட அரசு வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், விற்றவருக்கு வழிகாட்டி மதிப்பே விற்ற விலை. வாங்கியவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாக மாறலாம். முன்பணமே ஆனாலும் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் உண்டு. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து, அந்த மாதம் முடிந்த 30 நாளுக்குள் படிவம் 26கியூபி வழியாகக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. பிடித்தம் பல மடங்கு கூடும், முன்பணம் கொடுக்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

கிராமத்து விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி இல்லை. கிராமத்து நிலம் என்றால் நகராட்சி எல்லையிலிருந்து வான்வழித் தூரத்தில், அதன் மக்கள்தொகையைப் பொறுத்து, 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால். சாலை வழியாக அளந்து ஏமாறுகிறார்கள்.

சிறு தொழில், கடை, ஃப்ரீலான்ஸ்

ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருக்கும் வியாபாரிகளுக்கு 44ஏடி பிரிவின் அனுமான முறை பெரிய நிம்மதி. ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு வரம்பு 3 கோடி. வங்கி, யுபிஐ வழி வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம், தணிக்கை கிடையாது. ஒரு மளிகைக் கடையில் விற்பனை 60 லட்சம், அதில் யுபிஐ 45, ரொக்கம் 15 என்றால், 2,70,000 கூட்டல் 1,20,000, லாபம் 3,90,000. வேறு வருமானம் இல்லையென்றால் புதிய முறையில் வரி இல்லை. ஆனாலும் தாக்கல் செய்யுங்கள். கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது மூன்று வருட ரிட்டர்ன்தான். ஜிஎஸ்டியில் காட்டிய விற்பனையும் இங்கே காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த 6, 8 சதவீதம் குறைந்தபட்சம்தான். உண்மை லாபம் 15 சதவீதம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். 6 சதவீதம் காட்டிவிட்டு அதே வருடம் 30 லட்சத்துக்கு மனை வாங்கினால், பதிவு அலுவலகம் அதைத் துறைக்குச் சொல்லிவிடும், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். கமிஷன், ஏஜென்சி வருமானத்துக்கு இந்த முறை பொருந்தாது. காப்பீட்டு முகவர்கள் அடிக்கடி இதில் தவறுகிறார்கள். அனுமான முறையைத் தேர்ந்தெடுத்த பின் அடுத்த ஐந்து வருடத்துக்குள் குறைவான லாபம் காட்டி வெளியேறினால், பிறகு ஐந்து வருடம் திரும்ப முடியாது.

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்றோருக்கு 44ஏடிஏ. வரவு 50 லட்சம் வரை (ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம்), அதில் பாதி லாபம். ஃப்ரீலான்ஸ் மென்பொருள் ஆலோசகருக்கு 22 லட்சம் வரவு என்றால் வருமானம் 11 லட்சம். புதிய முறையில் வரி பூஜ்யம். வாடிக்கையாளர்கள் பிடித்த 10 சதவீதம், 2,20,000 ரூபாய், முழுவதும் திரும்பி வரும். லாரி, வேன் ஓட்டுபவர்களுக்கு (10 வண்டி வரை) தனிக் கணக்கு: இலகு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500, கனரக வண்டிக்கு டன்னுக்கு 1,000.

முழுக் கணக்கு எழுதுபவர்கள் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவே கழியாது. ஒரே பில்லுக்கோ ஒரே ஆளிடம் ஒரே நாளிலோ 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது எல்லோருக்கும் தடை. கூட்டு நிறுவனங்கள் 2025 ஏப்ரல் முதல் பங்குதாரருக்குத் தரும் சம்பளம், வட்டி வருடத்துக்கு 20,000ஐத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பழக்கத்தில் இல்லாததால் பல இடங்களில் விட்டுப்போகிறது.

டிடிஎஸ் போக வருட வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வருமானால் முன்கூட்டி வரி கட்ட வேண்டும்: ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். அனுமான முறையில் இருப்பவர்கள் மார்ச் 15 அன்று மொத்தமாகக் கட்டலாம். தொழில் வருமானம் இல்லாத 60 வயதானவர்களுக்கு இது இல்லை. தவறினால் மாதம் 1 சதவீத வட்டி.

நான்காம் படி: கட்டு, தாக்கல் செய், சரிபார்

பாக்கி வரி இருந்தால் போர்ட்டலின் வரி செலுத்தும் பகுதியில் சுயமதிப்பீட்டு வரி (எண் 300) தேர்ந்து கட்டுங்கள். முன்கூட்டி வரிக்கு எண் 100. செலான் விவரம் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சமர்ப்பிக்க வேண்டும். ஆண்டு தவறாகத் தேர்ந்துவிட்டால் போர்ட்டலிலேயே திருத்தம் கேட்கலாம், ஆனால் அவகாசம் குறைவு.

ரீஃபண்ட் எதிர்பார்ப்பவர்கள் வங்கிக் கணக்கைப் போர்ட்டலில் முன்கூட்டியே உறுதிசெய்து வைக்க வேண்டும். வங்கியில் உள்ள பெயருக்கும் பானில் உள்ள பெயருக்கும் இனிஷியல் விரிவு மாறினால் அங்கேயே சிக்கும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி. பான், ஆதார் இணைக்காவிட்டால் பான் செயலிழந்து ரீஃபண்ட் நின்றுவிடும்.

சமர்ப்பித்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாத ரிட்டர்ன் செல்லாது. ஆதாரோடு கைபேசி எண் இணைக்கவில்லை என்றால் வங்கிக் கணக்கு வழியாகச் சரிபார்க்கலாம், அல்லது ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம்.

சம்பளக்காரர்களுக்குக் கெடு ஜூலை 31. தொழில் வருமானம் உள்ளவர்கள் அந்த ஆண்டுக்கான தேதியைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்: 2025இல் செப்டம்பர் 15 வரை நீட்டித்தார்கள், அதற்குப் பிறகு கிடைத்தது ஒரே ஒரு நாள். தவறினால் டிசம்பர் 31 வரை 5,000 ரூபாய் கட்டணத்தோடு (வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000) தாக்கல் செய்யலாம். ஆனால் பங்கு நஷ்டம், தொழில் நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்கு எடுத்துச் செல்லும் உரிமை போய்விடும். அதையும் தவறவிட்டவர்களுக்கு நான்கு வருடம் வரை புதுப்பித்த ரிட்டர்ன் வழி உண்டு. கூடுதல் வரி முதல் வருடத்தில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70. அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

தாக்கலுக்குப் பிறகு வரும் கடிதங்கள்

143(1) என்ற எண்ணில் வருவது நோட்டீஸ் அல்ல, உங்கள் கணக்கையும் துறையின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அனுப்பும் அறிவிப்பு. இரண்டு பத்திகளும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. மாறியிருந்தால் எந்த இடத்தில் மாறுகிறது என்று பாருங்கள்: பெரும்பாலும் டிடிஎஸ் தொகையாகவோ விடுபட்ட வட்டியாகவோ இருக்கும். துறை சொல்வது சரியென்றால் 30 நாளுக்குள் கட்டிவிடலாம். உங்கள் கணக்கு சரியென்றால் போர்ட்டலில் திருத்த விண்ணப்பம் போடலாம். 139(9) என்றால் ரிட்டர்னில் குறைபாடு. 15 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் தாக்கலே செய்யாததாகிவிடும். ரீஃபண்டோடு வரும் வட்டியும் அடுத்த வருடத்து வருமானம் என்பதைக் குறித்து வையுங்கள், அது ஏஐஎஸ்ஸில் கண்டிப்பாக வரும்.

"உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வரும் குறுஞ்செய்தியை அழித்துவிடுங்கள். துறையின் உண்மையான கடிதத்தில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். அதைப் போர்ட்டலின் முகப்பிலேயே, உள்ளே நுழையாமல், உண்மைதானா என்று சோதிக்கலாம். எண் அங்கே இல்லையென்றால் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.